கச்சான் காலத்துக்கு ஒரு கேம் கணினி: மட்டக்களப்பில் வாட் கணக்கு ஏன் முதலில் வர வேண்டும்

வீடியோ கேம் கருவிகளைச் சோதிக்கும் வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் 20, 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள அறையில் இருந்துதான் பேசுகிறார்கள். "இந்தக் கிராஃபிக்ஸ் கார்ட் 68 பாகையைத் தாண்டவில்லை" என்று அவர்கள் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை அப்படியே மட்டக்களப்புக்குக் கொண்டுவர முடியாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடியிலும் காத்தான்குடியிலும் பிற்பகலில் வெளியே 33, 34 பாகை. சீற் கூரை போட்ட அறைக்குள் அதற்கும் மேல். காற்றால் குளிரும் கருவி எதுவானாலும், சுற்றியிருக்கும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலான சூட்டில்தான் நிலைகொள்ளும். அந்த வித்தியாசம் ஏறத்தாழ மாறுவதில்லை. 21 பாகை அறையில் 68 காட்டிய கார்ட், 34 பாகை அறையில் 81 காட்டும். விசிறி வேகமெடுத்து அதில் சில பாகைகளைக் குறைக்கலாம். அதற்கு விலையாக இரைச்சல் கூடும்.

இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கேம் கருவி வாங்குவது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி நமக்குப் பொருந்தாது என்பது தெரியும். மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ இருக்கிற ஒருவர் ஒரு கருவியில் முதலில் பார்க்க வேண்டியது, அது எத்தனை வாட் மின்சாரத்தை இழுக்கிறது என்பதை. நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) தருகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். இது சிக்கன புத்தியால் சொல்வதல்ல. நம் ஊரின் வெப்பம், மின்சாரம், உப்புக்காற்று, வங்கிக்கணக்கு எல்லாமே இந்த வாட் கணக்கில் வந்து முட்டுவதால் சொல்கிறேன்.

தயாரிப்பாளர்களே இதற்கு எல்லை போட்டிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 இயங்க ஏற்ற சுற்றுப்புற வெப்பநிலை 5 முதல் 35 பாகை வரை என்று சோனி குறிப்பிடுகிறது. 2022 ஜூலையில் ஐரோப்பாவில் வெப்ப அலை வீசியபோது, ஸ்டீம் டெக் என்ற தன் கையடக்கக் கேம் கருவி 0 முதல் 35 பாகை வரைதான் சிறப்பாக இயங்கும் என்று வால்வ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டியது. அதன் சிப் 100 பாகைவரை தாங்கும், 105ஐத் தொட்டால் தானாக அணைந்துவிடும் என்றும் விளக்கியது. ஐரோப்பாவில் அது செய்தியானது. நமக்கு அது ஒவ்வோர் ஆண்டும் வருகிற பருவம். கண்ணாடிக் கதவு போட்ட தொலைக்காட்சி அலுமாரிக்குள் பிளேஸ்டேஷனை அடைத்துவைக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. வெளியே 33 பாகை இருக்கையில் அந்த அலுமாரிக்குள் 40ஐத் தாண்டுவதற்கு அரை மணித்தியாலம்கூட வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டுகளோ ஆண்டுக்கு ஆண்டு பசி கூடிக்கொண்டே போகின்றன. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்ட் இழுக்கும் மின்சாரம் 120 வாட். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090க்கு 575 வாட். இழுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வந்து சேரும். 575 வாட் கார்டை நம்மூர்ச் சின்ன அறையில் ஓடவிடுவது, கச்சான் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் போடுவதற்குச் சமம். அதைச் சமாளிக்க ஏசி போட்டால் மின்கட்டணம் இன்னொரு பக்கத்தால் ஏறும்.

வழி இல்லாமலில்லை. ஒரு சிப் செலவழிக்கும் மின்சாரம், அதன் வேகத்தோடும் அதற்குக் கொடுக்கும் வோல்ட் அளவின் வர்க்கத்தோடும் சேர்ந்து கூடுகிறது. கடைசிப் பத்து வீத வேகத்தைப் பிழிந்தெடுக்கத்தான் மிகக் கூடுதலான வோல்ட் தேவைப்படுகிறது. விமர்சனங்களில் முதலிடம் பிடிப்பதற்காக நிறுவனங்கள் அந்த எல்லைவரை கார்டுகளைத் தள்ளிவிட்டு விற்கின்றன. ஆகவே கார்டின் மின் எல்லையை மென்பொருள் மூலம் எழுபத்தைந்து, எண்பது வீதத்துக்குக் குறைத்தால், இழப்பது சில ஃபிரேம்களை மட்டுமே. சூடு பல பாகை இறங்கிவிடும். கேமின் அமைப்புகளில் ஃபிரேமை 60இல் நிறுத்திவைப்பது இன்னும் எளிது: மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் காட்டுவது என்றால் அதற்கு மேல் வரைகிற ஒவ்வொரு படமும் வெறும் வெப்பம். புதிய கணினி வாங்கியவர்கள் எதையும் விளையாடத் தொடங்கும் முன் இந்த இரண்டையும் செய்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மின்கட்டணத்தையும் பார்ப்போம். மொனிட்டரோடு சேர்த்து 400 வாட் இழுக்கும் கணினியில் தினமும் மூன்று மணித்தியாலம் விளையாடினால் மாதம் 36 அலகு. 150 வாட் இழுக்கும் கணினியில் அதே நேரம் விளையாடினால் பதின்மூன்றரை அலகு. நமது வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுகிறது. படி மாறும்போது நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். சாதாரணமாக 80 அலகு எரிக்கிற ஒரு குடும்பத்தை, மகனின் கேம் கணினி ஒரு படி மேலே தள்ளிவிடுகிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே பில் வந்த நாளில் நடக்கும் பேச்சின் மூலகாரணம் அநேகமாக இந்தப் படிதான்.

மின்வெட்டை 2022இல் நாடே அனுபவித்தது. அந்த மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. இப்போது அந்த நிலை இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனதை மறக்க முடியாது. மழைக்காலத்தில் மரம் முறிந்து ஊரளவில் மின்சாரம் போவது வழமை. மின்சாரம் போனதும் தன் பற்றரியால் கணினியைச் சிறிது நேரம் தாங்குகிற யூபிஎஸ் இதற்குத்தான். அதில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை அறிந்துகொண்டு வாங்க வேண்டும். சாதாரண 650 வோல்ட்-ஆம்பியர் யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி. கணக்குப்படி 84 வாட்-மணி. 300 வாட் சுமையை அது பதினாறு நிமிடம் தாங்க வேண்டும். ஈய அமிலப் பற்றரியிலிருந்து இவ்வளவு வேகமாக மின்சாரத்தை உறிஞ்சினால் பாதிகூடக் கிடைக்காது. சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். மேலும், இந்தப் பற்றரிகளின் ஆயுள் 25 பாகையில் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுள் பாதியாகும். "நான்கு, ஐந்து வருடம் வரும்" என்ற பற்றரி நம் அறையில் இரண்டு வருடத்தில் கையை விரிப்பதற்கு விற்றவர் காரணமில்லை.

இங்கேதான் பற்றரியோடு வருகிற கருவிகளின் அருமை தெரிகிறது. நின்டெண்டோ சுவிட்ச், ஸ்டீம் டெக், கேம் லேப்டொப் எல்லாம் யூபிஎஸ்ஸைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஸ்டீம் டெக்கின் முதன்மைச் சிப் அதிகபட்சம் 15 வாட்தான் இழுக்கிறது. மின்சாரம் போய் விசிறியும் நின்ற இரவில் ஜன்னலோரம் உட்கார்ந்து விளையாடலாம். நம் ஊருக்கென்றே யாரோ யோசித்துச் செய்தது போன்ற கருவி அது. வால்வ் இலங்கையில் அதை நேரடியாக விற்பதில்லை என்பது மட்டுமே குறை.

எர்த் பற்றி ஒரு சொல். கணினியின் கேஸிங்கைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது என்று பலர் சொல்வார்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டி, எர்த் கம்பி இல்லாதபோது கேஸிங்கில் பாதியளவு மின்னழுத்தத்தை மிதக்கவிடுகிறது. மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனாலும் அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகுவது தொலைக்காட்சிக்கும் கருவிக்கும் நல்லதல்ல. இரண்டு முள் மாற்றியில் மூன்று முள் பிளக்கைச் செருகும் பழக்கத்தை விட்டு, எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் போட்டுக்கொள்வது எந்த கிராஃபிக்ஸ் கார்டைவிடவும் நல்ல முதலீடு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமுழக்கம் கேட்கும்போது ரவுட்டர் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது உப்பு. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற நிலம். இரு பக்கமும் உப்புநீர். காற்றோடு வருகிற உப்பு கணினிக்குள் மெல்லிய படலமாகப் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நம் இரவுகள் அதைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே இரவில் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைந்து அந்தப் படலம் செப்பையும் இரும்பையும் மெல்ல அரிக்கிறது. யூஎஸ்பி துறைகளின் ஓரம் துருவேறுவதும், குளிர்விப்பானின் செப்புக் குழாய் பச்சை பிடிப்பதும் இதனால்தான். வாடைக் காலத்தில் கணினியை வாரக்கணக்கில் மூடிவைப்பதைவிட, தினமும் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்குவது அதற்குப் பாதுகாப்பு. அதிக விசிறி பூட்டினால் அதிக உப்பும் தூசியும் உள்ளே வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். குறைந்த வாட் கருவிக்குக் குறைந்த காற்றோட்டமே போதும் என்பதால் அது இங்கேயும் வெல்கிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் உப்பு குறைவு, வயல் தூசி கூட. அங்கே தூசி வடிகட்டியைக் கழுவிப் போடுவதுதான் முதல் வேலை. கேஸிங்கின் பின்புறத் துவாரங்களை மூடாவிட்டால் பல்லி முட்டையிடும். திருத்துகிற கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இணைய வேகத்தை எல்லோரும் பேசுகிறார்கள். தாமதத்தைப் பற்றி விளங்கிக்கொண்டவர்கள் குறைவு. கண்ணாடி இழை வழியே சமிக்ஞை ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர்; போய்த் திரும்ப இயற்பியல் விதிப்படியே 27 மில்லிசெக்கன் வேண்டும். கேபிள் நேர்கோட்டில் கிடப்பதில்லை என்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். மட்டக்களப்புக் கடற்கரையில் நின்று பார்த்தால் சிங்கப்பூர் இருக்கும் திசையைத்தான் பார்க்கிறோம். ஆனால் நாட்டின் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. கேமில் நம் வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தோட்டாவும் முதலில் தீவைக் குறுக்காகக் கடந்து, பிறகுதான் கிழக்கே திரும்புகிறது.

ஆனாலும் தூரம் நம் முதல் எதிரி இல்லை. வலோரன்ட் போன்ற கேம்களுக்கு மும்பையிலும் சிங்கப்பூரிலும் சேவையகங்கள் இருக்கின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலும் உண்டு. நிலையான 70 மில்லிசெக்கனோடு நன்றாகவே விளையாடலாம். விளையாட்டைக் கெடுப்பது, இரவு எட்டு மணிக்கு ஊரே ஒரே 4ஜி கோபுரத்தில் தொங்கும்போது 70 சட்டென்று 300 ஆகி மறுபடி இறங்குவதுதான். கேபிள் இணைப்புக் கிடைக்கிற வீடாக இருந்தால், வேகம் குறைவான பக்கேஜ் என்றாலும் அதையே எடுங்கள். கம்பியில்லா 4ஜியின் பெரிய எண்ணைவிட அதன் சீரான ஓட்டம் பெறுமதியானது. 2025 ஜூலையில் செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது உட்பகுதி ஊர்களுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது. நகருக்குள் ஃபைபர் இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

இனி, விளையாட வேண்டியது எதை?

பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் 100, 150 ஜிபி என்று வீங்கிவிட்டன. 10 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபி இறங்க முப்பத்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். மாத டேட்டாவும் அத்தோடு தீரும். அந்த 150 ஜிபிக்குத் தகுந்த சுவை உள்ளே இருக்கிறதா என்று கேட்டால், பல கேம்களில் இல்லை என்றே சொல்வேன். ஒரே மனிதர் தனியாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வெலி ஒரு ஜிபிக்கும் குறைவு. 2024இல் வந்த பலாட்ரோ அதிலும் சிறியது. இரண்டும் பழைய ஒபிஸ் கணினியில் ஓடும். இரண்டும் பெரிய நிறுவனங்களின் பெரும்பாலான கேம்களைவிட ஆழமானவை. 2006இல் ஈஏ வெளியிட்ட கிரிக்கெட் 07ஐ நம் பகுதியில் இன்னும் இளைஞர்கள் விளையாடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கணினிக்குக் கிரிக்கெட் கேம் செய்யவே இல்லை. ரசிகர்கள்தாம் புதிய வீரர்களையும் சீருடைகளையும் சேர்த்துச் சேர்த்து அதைத் தாங்கிப்பிடித்திருக்கிறார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இரண்டு கேம்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999இல். புதுப்பித்த பதிப்பு 2019இல். அதற்கு 2022 ஏப்ரலில் வந்த இந்தியத் தொகுப்பில் திராவிடர் என்றொரு நாகரிகம் சேர்க்கப்பட்டது. படைவீரனைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். இராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தனிக் கதைத்தொடராக இருக்கின்றன. இருபத்தைந்து வருடமாக உலகம் விளையாடுகிற ஒரு கேமில் நம் மொழி கேட்பது சின்ன விஷயமில்லை. மற்றது வெண்பா. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சமையல் வழியாகச் சொல்கிற இந்தக் கேம் 2023 ஜூலையில் வந்தது. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கிய அது, 2024இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் பகுதியில், அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து விளையாட வேண்டிய கேம் இது. இவற்றுக்கெல்லாம் பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டியதில்லை.

புதிய கார்டுகளின் விளம்பரங்களில் வருகிற "ஃபிரேம் மூன்று மடங்கு, நான்கு மடங்கு" என்ற கூற்றை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். கேம் உண்மையில் கணக்கிட்ட இரண்டு படங்களுக்கு நடுவில் இட்டுக்கட்டிய படங்களைச் செருகுவதே அந்த உத்தி. நடுவில் செருகுவதற்காக, தயாராகிவிட்ட அடுத்த படத்தைச் சற்றுப் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. பார்வைக்கு வழுவழுப்புக் கூடும், கைக்குத் தாமதம் குறையாது. அதற்கு மாறாக, சிறிய அளவில் வரைந்து பெரிதாக்குகிற உத்தி உண்மையாகவே உதவுகிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021இல் வந்தபோது பழைய கார்டுகளிலும் ஓடியதால், 1060 வைத்திருந்தவர்களுக்கும் பயன்பட்டது.

கடைக்குப் போகும் முன் விலையின் பின்னணியையும் பார்க்க வேண்டும். 2021இல் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் அறிமுக விலை 329 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 65,800 ரூபாய். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது அதே கார்ட் 118,000க்கு மேல், வரியும் கப்பல் கூலியும் சேர்க்காமலே. 2025இல் டொலர் 300 ரூபாய் அளவில் நின்றது; வட் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதனால்தான் பாவித்த பொருட்களின் சந்தை இவ்வளவு பெருத்தது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம், கிராஃபிக்ஸ் கார்டைக் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டும் 'தோண்டும்' முறையைக் கைவிட்டதும், தோண்டிக் களைத்த கார்டுகள் உலகமெங்கும் விற்பனைக்கு வந்தன. அவற்றில் சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விசிறியும், சிப்புகளின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பாடும்தான் தேய்ந்திருக்கும். வாங்குவதென்றால் கடையிலேயே அரை மணித்தியாலம் சுமையேற்றி ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்து வாங்குங்கள். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும் அந்தச் சோதனையை விட்டுக்கொடுக்க வேண்டாம். பழுதானால் பஸ்ஸில் முந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் ஊர்க் கடையின் உத்தரவாதமே மேல் என்பேன்.

பிளேஸ்டேஷன் வாங்குபவர்கள் டிஸ்க் பதிப்பையே எடுக்க வேண்டும். சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. நம்மவர்கள் வேறு நாட்டுக் கணக்கை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். இப்படிப்பட்ட நாடுகளின் நிலை எவ்வளவு நிச்சயமற்றது என்பதை 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் காட்டியது: பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு கட்டாயம் என்ற அறிவிப்பையொட்டி, 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அதன் கணினிப் பதிப்பின் விற்பனையே நிறுத்தப்பட்டது. டிஸ்க்கை யாரும் கணக்கிலிருந்து அழிக்க முடியாது. முடித்த பிறகு விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். வால்வின் இணையக் கேம் கடையான ஸ்டீமில் நமக்கு ரூபாய் விலை இல்லை என்றாலும், தெற்காசியாவுக்கென்று தனி டொலர் விலை இருக்கிறது. பல கேம்கள் அமெரிக்க விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

கணினி என்றால், என் பரிந்துரை பாவித்த ஒபிஸ் கணினி ஒன்றும் 75 வாட்டுக்குள் அடங்குகிற ஒரு கார்டும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இன் பல மாதிரிகளும், 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 70 வாட், 6 ஜிபி பதிப்பும் தனி மின்வயர் இல்லாமல் மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கேஸிங் சிறியதென்றால் உயரம் குறைந்த மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். கணினியின் புரொசசர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக்கூடாது. அதற்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏற்கெனவே பழைய கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் போட்டு, ஸ்டீமின் புரோட்டன் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் கேம்களை ஓட்டலாம். ஸ்டீம் டெக்கில் நடப்பதும் அதுதான். ராம் எனப்படும் நினைவகத்தை மட்டும் பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியில் விலை பாய்ந்து ஏறியது. டிசெம்பரில் நினைவகச் சிப் தயாரிக்கும் மைக்ரோன் நிறுவனம், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராம் விற்பதிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பாவித்த கணினி ஒன்று 16 ஜிபி ராமோடு கிடைத்தால், 8 ஜிபியோடு மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு அதையே எடுங்கள்.